குட்டைக் களைகொட்டின் வழக்கு

களைகொட்டு என்னும் எளிய கருவிக்கும் நீதிமன்றத்திற்கும் என்ன தொடர்பு என நீங்கள் வினவக்கூடும். அமெரிக்காவின் மேலைக் கடலோரத்திலுள்ள கலிபோர்னியா மாநிலத்தில், கைப்பிடியின் நீளம் பற்றி எழுந்த ஒரு வழக்கு அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1975ஆம் ஆண்டில் தீர்ப்புப் பெற்றது. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் சென்ற தொழிலாளரின் வரலாறு அது; ஆதலின் வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு அது அயலானதன்று.

முதலில் நாம் அறிந்த கருவிகளை நினைவுகூர்வோம். நம் மண்வெட்டியை வடநாட்டார் பாவடா என்பர். வங்காளத்தார் கோதால் என்பர். (மண்வெட்டி என்னும் நம் சொல்லே 'மமோட்டி' என உருமாறி ஆங்கிலத்திலும் ஏறிவிட்டது.) அது மண்ணை வெட்டி இழுக்க ஏற்றது, களைக்கு ஏற்றதன்று. களைக்கு வேண்டுவது எடையன்று, கூர்மை. அலகு மண்ணின் மேற்பரப்பிற்குச் சற்றே கீழே நழுவிச் சென்று களையின் கழுத்தை அறுத்தல் வேண்டும். இதற்கு அலகின் ஒருபுறத்தை மட்டும் அரத்தால் சாய்வாக அராவி, மறுபுறத்தில் எழும் பிசிரை மெல்ல நீக்கிவிட்டால் போதும். மழுங்கிய அலகை ஓங்கிக் கொத்த வேண்டியிருக்கும். அந்த உழைப்பு முழுவதும் முதுகின்மேல் விழும். கைப்பிடி நெஞ்சளவு நீண்டு, அலகும் கூராக இருப்பின், நிமிர்ந்து நின்றவாறே இழுத்துக் களையெடுக்கலாம்.

கலிபோர்னியாவின் பண்ணையாளர் இவ்வுண்மையை அறியாதவரல்லர். ஆயினும் லெட்டூஸ் கீரை, சர்க்கரைக்கிழங்கு ஆகியவற்றின் வயல்களில், கைப்பிடி ஏறத்தாழ ஓர் அடியே உள்ள களைகொட்டையே கூலியாட்களிடம் கொடுத்தனர். மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர் அதனை ஸ்பானிய மொழியில் 'எல் கோர்த்தீத்தோ', அதாவது 'குட்டையன்' என்றழைத்தனர். விதைகள் நெருக்கமாக முளைத்த வரிசையில் இடைவெளி விட்டு ஒரு செடியை நிறுத்தி மற்றவற்றை நீக்குவதே வேலை. குனிந்து அருகில் பார்த்தால்தான் பயிர் கெடாது என்பது பண்ணையாளர் வாதம். பிறிதொரு வசதியும் அவர்களுக்கு இருந்தது: எவனேனும் நிமிர்ந்தால், அவன் வேலை செய்யவில்லை என்பது மேற்பார்வையாளனுக்குத் தொலைவிலிருந்தே தெரிந்துவிடும்! பயிரினும் இவ்வசதியே அவர்களுக்குப் பெரிதாக இருந்ததோ என நாம் ஐயுறுகிறோம்.

நாள் முழுதும் இரண்டாக மடிந்து உழைத்தவர் பலர் இளமையிலேயே முதுகெலும்பு நைந்து போயினர். உழவுத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸும் அக்கருவியால் உழைத்து முதுகுவலியுற்றவரே. 1972இல், ஏழைத் தொழிலாளருக்கான சட்ட உதவி அமைப்பின் வழக்கறிஞர் துணையுடன், கர்மோனா முதலிய தொழிலாளர்கள் மாநிலத் தொழிற் பாதுகாப்புத் துறையிடம் தடை கோரினர். மருத்துவர்கள் சான்று கூறினர். எனினும் 1973இல் அக்கோரிக்கை மறுக்கப்பட்டது.

வழக்கின் நுட்பம் ஒரு சொல்லில் அடங்கியிருந்தது. பாதுகாப்பற்ற கைக்கருவிகளை விதி தடுத்தது. பழுதுற்ற, உடைந்த கருவியே பாதுகாப்பற்றது எனத் துறையினர் பொருள் கொண்டனர். குட்டைக் களைகொட்டோ பழுதற்ற நல்ல கருவி! உச்ச நீதிமன்றம் இப்பொருளை ஏற்கவில்லை. கருவி குறையற்றதாயினும், அதனைப் பயன்படுத்தும் முறையால் உடலுக்குக் கேடு விளையுமாயின் அதுவும் பாதுகாப்பற்றதே எனத் தெளிவுறுத்தி, கோரிக்கையை மீண்டும் ஆராயுமாறு 1975 ஜனவரியில் பணித்தது. அவ்வாண்டு ஏப்ரலில் துறையே அக்கருவியைத் தடுத்தது. பண்ணையாளர் அஞ்சியவாறு லெட்டூஸ் பயிர் அழிந்துவிடவில்லை. நீண்ட கைப்பிடியைக் கொண்டே அவ்வேலை நடைபெற்றது.

ஆயினும் ஒரு சந்து எஞ்சியது. கருவியே கொடாமல், வெறுங்கையால் களை பறிக்குமாறு சில பண்ணைகளில் ஏவினர். முதுகு மீண்டும் வளைந்தது. 2004இல்தான், வேறு தக்க வழி இருக்குமிடத்து வெறுங்கையால் களை பறிக்கச் செய்தலையும் கலிபோர்னியா விதியால் கட்டுப்படுத்தியது. தடையுற்ற குட்டைக் களைகொட்டுகளுள் ஒன்று இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.