குருதி கூறிய செய்தி

தேயிலைச் செடிக்குக் களை பழம்பகை. நுவரெலியா, ஹட்டன் மலைச்சரிவுகளில் தொழிலாளர் கையாலும் கருவியாலும் அகற்றிவந்த அப்பகையை, மருந்து தெளித்து ஒழிக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவிற்று. அம்மருந்துகளுள் ஒன்று பராகுவாட். அதன் களைகொல்லும் ஆற்றல் 1955-இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. 1962-இல் அது விற்பனைக்கு வந்தது. பசுமையைக் கருக்கிவிட்டு, மண்ணில் பட்டதும் களிமண்ணோடு பிணைந்து செயலிழக்கும் மருந்தைத் தோட்டங்கள் விரும்பியதில் வியப்பில்லை.

ஆயின், தவறியோ மனமுடைந்தோ அதனை உட்கொண்டவர் நிலை பரிதாபத்துக்குரியது. நுரையீரலின் உயிரணுக்கள், உடலுக்கு வேண்டிய பொருளென மயங்கி அந்நஞ்சைத் தம்முள் ஈர்த்துக் கொள்கின்றன. அங்கே அது பிராணவாயுவையே உயிரணுக்களைச் சிதைக்கும் பொருளாக மாற்றுகிறது. நுரையீரலில் நீர் கோக்கிறது. பின்னர் அது தழும்பேறி இறுகுகிறது. 1967-இல் அமெரிக்க மருத்துவர்கள் பன்னிரு நோயாளரை ஆராய்ந்து விவரித்த கடும் நுரையீரல் செயலிழப்புக்கு இது நெருங்கிய உறவு. ஒரு வேறுபாடு உண்டு: அந்நோயாளரைக் காக்கும் பிராணவாயு, இந்நோயாளருக்குத் தீங்கை மிகுவிக்கவும் கூடும்.

தொடக்கத்தில் நோயாளி தெளிவாகவே உரையாடுவார். அவர் பிழைப்பாரா என்பதைக் குருதியே முன்கூட்டி உணர்த்தும். உட்கொண்டபின் கழிந்த நேரத்தையும் குருதியில் எஞ்சிய நஞ்சின் அளவையும் ஒப்புநோக்கி, பிழைப்போரையும் மாள்வோரையும் பிரித்தறியும் வரைகோடு ஒன்றைப் பிரித்தானிய ஆய்வாளர் 1979-இல் அமைத்தனர். ஆனால் நஞ்சை அளக்கும் வசதி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. ஆகவே எங்கும் எளிதில் அளக்கக்கூடிய ஒரு பொருள் தேவைப்பட்டது. தசைகளிலிருந்து குருதியில் சேர்ந்து சிறுநீரகத்தால் வெளியேற்றப்படும் கிரியாட்டினின் எனும் கழிவே அது. அது உயரும் வேகத்தைக் கொண்டு முடிவை அறியலாம் என்பதை இலங்கை நோயாளரிடம் நடந்த ஆய்வும் காட்டிற்று.

முடிவை அறிய வழி பிறந்தது. அதனை மாற்றும் மருந்து பிறக்கவில்லை. எனவே இலங்கை அரசு வேறு வழியை நாடியது. 2008 முதல் 2011 வரை, பராகுவாட்டையும் டைமெத்தோவேட், ஃபென்தியோன் என்னும் பூச்சிகொல்லிகளையும் படிப்படியாகத் தடைசெய்தது. 2011-க்கும் 2015-க்கும் இடையில், இத்தகைய நஞ்சுகளால் தம்முயிர் மாய்த்துக்கொண்டோர் விகிதம் நாடளாவிய நிலையில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

நஞ்சு உடலினுள் புகுந்தபின் வைத்தியர் செய்யக்கூடியது சிறிது. அது தோட்டத்தினுள்ளும் வீட்டினுள்ளும் புகாமற் செய்ததே பல குடும்பங்களைக் காத்தது.