நிலாத் துறைமுகமும் நீலத்துணியும்

போர்தோவுக்குப் போகிறேன் என்றதும் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, 'எத்தனை பாட்டில் கொண்டுவருவே?' என்பதுதான். அந்தப் பெயர் ஓர் ஊரின் பெயராக இல்லாமல் போய் வெகுகாலமாகிறது. இப்போது அது ஒரு நிறம், ஒரு லேபிள், ஒரு விலை. நகரமே தன் சரக்காக மாறிவிட்ட பிறகு அதன் வரலாற்றை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

என் சித்தி மகன் அங்கே பதினெட்டு வருஷமாக இருக்கிறான். சித்தப்பா சொல்தா. 1881 ஆணையின்கீழ் உள்ளூர்ச் சட்ட வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் போன 'ரெனோன்சான்' குடும்பம் அவருடையது. புதுச்சேரியில் அப்படிப் போனவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியார் கணிசம் என்பதை நம் 'பிரெஞ்சுப் பண்பாட்டு' ஆர்வலர்கள் அதிகம் பேசுவதில்லை. தம்பி நகரத்துக்கு வெளியே ஒரு ஒயின் கிடங்கில் பெட்டி ஏற்றுகிறான். குடிக்கிறது பியர். 'ஒயின் நமக்கு முதுகுவலி அண்ணே' என்கிறான்.

கரோன் ஆறு அங்கே பிறைபோல வளைகிறது. அதனால் 'நிலாத் துறைமுகம்' என்று பேர். அதே பேரில்தான் 2007இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக்கியது. ஊரின் ஒயின் கதையை எந்த வழிகாட்டியும் சொல்வார். 1152இல் அக்கித்தேனின் எலினோர் ஹென்றியை மணந்தது, அவன் இங்கிலாந்து அரசனானது, 1453 வரை அந்தத் தொடர்பில் ஒயின் கப்பலேறியது, டச்சுக்காரர் மெதோக் சதுப்பை வடித்தது, 1855இல் தரகர்கள் சந்தை விலையை வைத்துத் தோட்டங்களை ஐந்து படிகளாகத் தரம் பிரித்தது. (அந்தப் பட்டியலின் முதல் படிக்கு ஒரு தோட்டத்தை ஏற்ற 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. படிநிலை என்றால் நமக்குச் சொல்லித்தரவா வேண்டும்!) 1453இலிருந்து 1855க்கு வழிகாட்டி தாவுகிற அந்த ஒரு தாவலில்தான் நகரத்தின் கல்லெல்லாம் கட்டப்பட்டிருக்கிறது.

ஆற்றங்கரையில் பூர்ஸ் சதுக்கம். பதினெட்டாம் நூற்றாண்டில், கப்ரியேல் என்ற அரச கட்டடக் கலைஞரும் அவர் மகனும் எழுப்பியது. எல்லோரும் கீழே, 2006இல் அமைத்த நீர்க்கண்ணாடியில் அதன் பிம்பத்தைப் படமெடுக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் சன்னல்களுக்கு மேல் செதுக்கிய முகங்கள்: கடல் தெய்வங்கள், மது தெய்வம், இடையிடையே ஆப்பிரிக்க முகங்கள். யாரும் ஒளித்து வைக்கவில்லை. வாசலிலேயே கணக்கெழுதி வைத்திருக்கிறார்கள், வாசிக்கத்தான் ஆளில்லை.

கணக்கு இதுதான். அடிமை வணிகத்துக்காக இந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்பிய பயணங்கள் ஏறத்தாழ 500. கொண்டுசெல்லப்பட்டவர்கள் 1,20,000 முதல் 1,50,000 பேர் வரை. நாந்த் நகரம் இதைப்போல மூன்று மடங்குக்கு மேல் செய்தது. ஆகவே, 'நாங்கள் நாந்த் இல்லை, எங்கள் செல்வம் நேர்வணிகத்தில் வந்தது' என்று ஒரு வாதம் அங்கே நெடுங்காலம் புழங்கியது. நேர்வணிகம் என்றால்: ஒயினும் மாவும் ஏற்றிக்கொண்டு கப்பல் நேரே சேன்-தொமேங்குக்கு (இன்றைய ஹைட்டி) போகும். சர்க்கரை, காப்பி, அவுரியோடு திரும்பும். அதை ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹாம்பர்க்குக்கும் மறுபடி விற்பார்கள். இதில் ஆள் கடத்தல் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள்.

1789 வாக்கில் அந்தத் தீவில் ஏறத்தாழ 5 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். சர்க்கரையை வேறு யார் விளைவித்தது? பிடித்துக்கொண்டு போகிறவன் குற்றவாளி, அவன் பிடித்ததை வேலைவாங்கி விளைந்ததை விற்கிறவன் வணிகன் என்ற இந்தப் பிரிவினை ஒரு சொல்லாடல் தந்திரம். நேர்வணிகம் என்ற சொல்லில் உள்ள 'நேர்' என்பதைத்தான் நாம் சந்தேகிக்க வேண்டும். அடிமைமுறையைக் கேலி செய்து 1748இல் எழுதிய மொந்தெஸ்கியே இந்த ஊர் நீதிமன்றத்தில் பதவி வகித்தவர், திராட்சைத் தோட்டக்காரர், தன் ஒயினை விற்றவர். அவரைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. அறிவொளியும் பீப்பாயும் ஒரே கரையில் நின்றன என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

தீவு எழுந்தது. தூசேன் லூவெர்த்தூர் 1802இல் பிடிபட்டு 1803இல் பிரெஞ்சுச் சிறையில் செத்தார். 1804இல் ஹைட்டி விடுதலை. 1825இல் பிரான்ஸ் அந்த விடுதலைக்கு விலைச்சீட்டு ஒட்டியது: 15 கோடி ஃபிராங்கு, பழைய முதலாளிகளுக்கு நஷ்டஈடு. 1838இல் அது 9 கோடியாகக் குறைந்தது. அடிமைதான் எஜமானனுக்குக் கடன்பட்டான்! தூசேனின் மகன் ஈசாக் 1854இல் இறந்தது இந்தப் போர்தோவில்தான்.

இனி என் கணக்கு. தம்பிக்கும் எனக்கும் தாத்தா ஒருவரே. சவானா மில்லில் சாயப்பிரிவு. 'இது ஆப்பிரிக்காவுக்குப் போற துணிடா' என்று அவர் சொன்னதாக அம்மா சொல்வார். எந்த ஆப்பிரிக்கா, யார் கட்டிக்கொண்டார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அது 'கினே' எனப்பட்ட நீலத்துணி. பதினெட்டாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைத் துணி லோரியான் துறைமுகத்தில் இறங்கி ஏலம் போனது. ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களுக்கு ஈடாகக் கொடுத்த பண்டங்களில் இந்தியத் துணி முக்கியமானது. அடிமை வணிகம் ஒழிந்த பின்னும் கினே ஒழியவில்லை. செனெகால் ஆற்றங்கரையில் அரபிப் பிசினுக்கு மாற்றாக அது கிட்டத்தட்ட நாணயமாகவே புழங்கியது. அங்கே கடை விரித்து ஆண்டவை போர்தோ வணிக நிறுவனங்கள். புதுச்சேரியில் 1828-29 வாக்கில் எந்திர ஆலை வந்ததற்குப் பின்னாலும் இந்தச் சந்தைதான் இருந்தது.

அதாவது, நெய்தவனும் சாயம் போட்டவனும் இந்தச் சங்கிலிக்கு வெளியே நிற்கவில்லை. பலியாளாக மட்டும் நம்மை எழுதிக்கொள்வது சௌகரியம். எட்டு மணிநேர வேலை கேட்டுப் போராடியபோது 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர் பன்னிரண்டு பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 1853இலிருந்து கரும்புத் தோட்டங்களில் விடுதலையான கறுப்பர்களின் இடத்தை நிரப்ப, கூலி ஒப்பந்தத்தில் மார்த்தினிக்குக்கும் குவாதெலூப்புக்கும் கப்பலேறியவர்கள் நம் ஆட்கள். இவை இரண்டும் உண்மை. நம் துணி கொடுத்து ஆள் வாங்கினார்கள் என்பதும் உண்மை. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல நமக்கு இன்னும் மொழி வரவில்லை. தாத்தாவை நினைக்கும்போது எனக்கே வரவில்லை.

அக்கித்தேன் அருங்காட்சியகம் 2009இல் அடிமை வணிகத்துக்கென நிரந்தரக் கூடங்களைத் திறந்தது. அடிமை வணிகர் பெயர் தாங்கிய ஐந்து தெருக்களில் 2020இல் விளக்கப் பலகை வைத்தார்கள். பெயரை நீக்கவில்லை; பக்கத்தில் உண்மையை எழுதினார்கள். நீக்கியிருந்தால் முகங்களையும் பெயர்த்தெடுத்த மாதிரி இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இங்கே உடன்படாதவர்கள் இருப்பீர்கள், எழுதுங்கள். நம் ஊரில் 'வெள்ளை நகரம்' என்று மஞ்சள் சுவரைக் காட்டிப் பணம் பண்ணுகிறோம். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கறுப்பு நகரம் என்று ஒன்று ஏன் இருந்தது என்று ஒரு பலகையாவது வைத்தோமா?

கடைசி நாள் சாயங்காலம் ஆற்றோரம் ஒரு பெண்ணின் சிலையைப் பார்க்கப் போனோம். 2019இல் வைத்தது, செய்தவர் ஹைட்டிச் சிற்பி. கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்த அல் புவேசி. போர்தோவின் தெஸ்தாஸ் சகோதரர்கள் அவரை வாங்கி, மொதெஸ்த் தெஸ்தாஸ் என்று தங்கள் பெயரையே வைத்துத் தீவுக்குக் கொண்டுபோனார்கள். 1795இல் விடுதலை. நூறு வயதைத் தாண்டி 1870இல் இறந்தார். அவருடைய பேரன் ஹைட்டியின் குடியரசுத் தலைவரானான். தம்பி பலகையைச் சத்தமாக வாசித்து எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். 'வாங்கப்பட்டாள்' என்ற இடத்தில் நின்றான்.

'பேர மாத்திப்புட்டானுங்களா?'

'ஆமா.'

'எங்க அப்பாவுக்கும் முப்பாட்டன் காலத்துலதான் இந்த பிரெஞ்சுப் பேரு வந்துச்சு. ஆனா அது நாமளா எழுதிக் கொடுத்தது, இல்லண்ணே?'

ஆமாம் என்றேன். பிறகு, முழுக்க ஆமாம் இல்லை என்றேன். அவனுக்கு இராத்திரி ஷிஃப்ட். டிராம் வந்துவிட்டது.