வீரநாராயணன் ஏரி

நம் மாணவருள் பலர் வீராணம் ஏரியைக் கல்கியின் வழியாகவே அறிவர். 1950-இல் தொடராக வெளிவரத் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ ஆடிப் பெருக்கு நாளில் அவ்வேரிக்கரையிலேதான் தொடங்குகிறது. அந்நினைவோடு பினாங்கிலிருந்து தமிழகம் செல்பவர், நீர்வரத்தற்ற கோடையில் அங்குச் சென்றால் ஏமாற்றமே அடைவார். கடலென எண்ணிய இடத்தில் வெடித்த மண்ணும் மேயும் ஆடுகளுமே காட்சி தரும்.

வீரநாராயணன் என்பது முதற் பராந்தகச் சோழனின் (907–955) விருதுப்பெயர். அப்பெயரே ஏரிக்கும், அதனருகே காட்டுமன்னார்கோயில் என இன்று வழங்கும் வீரநாராயணபுரத்திற்கும் ஆயிற்று. நாதமுனிகள் பிறந்த ஊர் அது. பராந்தகன் மகன் இராசாதித்தன் திருமுனைப்பாடி நாட்டில் படையோடு தங்கியிருந்தபோது, வாளாவிருந்த வீரரைக் கொண்டு இவ்வேரியை வெட்டுவித்தான் என்பர். இதனைச் செவிவழி மரபாகக் கொள்வதே நேர்மை. அவன் 949-இல் தக்கோலப் போரில் யானைமீதிருந்தவாறே மாண்டான் என்பதற்கோ கல்வெட்டும் செப்பேடும் சான்று பகரும்.

இவ்வேரி தன்மேற் பெய்யும் மழையை மட்டும் நம்பியதன்று. கொள்ளிடத்து நீர் கீழணையில் திருப்பப்பெற்று வடவாற்றின் வழியே இதனை அடைகிறது. நீரோடு வண்டலும் வந்தது. ஆயிரம் ஆண்டு வண்டல்! ஆழமற்ற ஏரியில் ஒரு முழம் மண் படிந்தாலும் கொள்ளளவு பெரிதும் குன்றும். நீர் விலகிய நிலத்தில் ஏர் பூட்டியோரும் உண்டு.

ஆப்பிரிக்காவின் சாடு ஏரியும் ஆழமற்றதே. அதுவும் சாரி என்னும் ஆற்றையே பெரிதும் நம்பியிருப்பது. 1960-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 25,000 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த அது, மழை பொய்த்தமையால் 1980-களின் நடுவில் பத்தில் ஒரு பங்களவுக்குச் சுருங்கிற்று. பின்னர் ஓரளவு மீண்டது. அங்கு வானம் செய்ததை இங்கு வண்டல் செய்தது எனலாம்.

வீராணத்து நீரைச் சென்னைக்குக் கொண்டுசெல்ல முன்னர்த் தொடங்கிய திட்டம் நிறைவேறாது போக, அதற்கெனச் செய்த பெருங்குழாய்கள் நெடுங்காலம் சாலையோரம் கிடந்தன. 2004-இல் புதிய திட்டம் நிறைவேறியது. இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நகரம் அந்நீரைப் பருகுகிறது. கெடாவிலிருந்து வரும் மூடா ஆற்று நீரைப் பெரும்பங்கு பருகும் நமக்கு இது புதுமையன்று. சோழன் காலம் தொட்டு அவ்வேரியால் நெல் விளைவித்த உழவரோ, குழாய்க்குப் போக மதகுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.