ஊசி மருந்துக்குப் போட்ட கணக்கு

எங்கட தோழி ஒருத்தி 5 அடி 4 அங்குலம், 58 கிலோ. செயலி 54.7 எண்டு சொன்னதால இரவுச் சாப்பாட்டை விட்டிட்டாள். அந்த 54.7 எங்கிருந்து வந்தது எண்டு தேடினோம்.

1974இல் அமெரிக்காவில் டிவைன் என்பவர் எழுதிய சூத்திரம் அது. 5 அடிக்கு ஆணுக்கு 50 கிலோ, பெண்ணுக்கு 45.5, மேலே ஒவ்வொரு அங்குலத்துக்கும் 2.3 கிலோ கூட்ட வேண்டும். ஆனால் அவர் யாருடைய ஆரோக்கியத்தையும் அளக்கவில்லை. ஜென்டமைசின் என்ற மருந்து அளவு மீறினால் சிறுநீரகத்தையும் காதையும் பழுதாக்கும். கொழுப்புக்குள் அது அதிகம் போகாது. அதனால் பருமனான நோயாளிக்கு முழு நிறையையும் வைத்து மருந்து கணக்கிட முடியாது. அதற்காகத்தான் இந்தக் குத்துமதிப்பு.

அதற்கு முன்பே, 1940களில், மெட்ரோபொலிட்டன் லைஃப் காப்புறுதி நிறுவனம் உயர-நிறை அட்டவணைகளை வெளியிட்டிருந்தது. தன்னிடம் காப்புறுதி எடுத்தவர்களில் எந்த நிறைக்காரர் குறைவாகச் செத்தார்கள் என்பதே அதன் கேள்வி. வியாபாரக் கணக்கு, வேறென்ன!

நீரிழிவு ஆபத்து எங்களுக்குக் குறைந்த நிறையிலேயே தொடங்குகிறது என்பதும் உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் ஆசியர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23ஐயே எச்சரிக்கைக் கோடாகச் சொன்னது. அந்த இறுக்கமான கோட்டின்படியும் தோழிக்கு 60 கிலோ வரை இடமிருக்கு.