டாக்காவின் அறிவிப்புப் பலகை



மாரியூர்க் கரையில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: கடலில் ஒருவன் தத்தளிப்பதைக் கண்டால் ஆள் முதலில், வலை பிறகு. இவ்வழக்கத்தை யுத்தம் எவ்வாறு தலைகீழாக்கும் என்பதை மார்ட்டின் நீமோலர் என்னும் ஜெர்மானியரின் வாழ்வில் காண்கிறோம். போதகரின் மகனாகிய அவர் 1910-இல் கடற்படையில் சேர்ந்தவர்.

1917 ஜனவரி 25 அன்று மத்தியதரைக் கடலில், அவர் பணிபுரிந்த நீர்மூழ்கி ஒரு பிரெஞ்சுப் படைக்கப்பலை மூழ்கடித்தது. நீரில் கிடந்தோரைத் தூக்க வந்த காவற்கப்பலையும் நெருங்கவொட்டாமல் தடுத்தது. அந்நாளே தம் வாழ்வின் திருப்புமுனை என்று அவர் பின்னாளில் எழுதினார். ஆயினும் போரைவிட்டு விலகினாரில்லை. 1918-இல் யுசி-67 என்னும் நீர்மூழ்கிக்குத் தளபதியானார். தோல்விக்குப்பின், நீர்மூழ்கிகளை இங்கிலாந்திடம் ஒப்படைக்கக் கொண்டுசெல்ல மறுத்துக் கடற்படையை விட்டார். இறையியல் கற்று 1924-இல் குருவானார். 1931-இல் பெர்லினின் டாலெம் சபைக்கு வந்தார்.

ஹிட்லரை எதிர்த்த வீரராகவே அவரை நாம் அறிவோம். ஆனால் 1933-இல் அவர் வாக்களித்தது ஹிட்லரின் கட்சிக்கே. யூத வம்சத்தில் பிறந்த போதகர்களை நீக்கும் சட்டம் திருச்சபைக்குள் நுழைந்தபோதுதான் விழித்தெழுந்து போதகர்களை ஒன்றுதிரட்டினார். சபைக்கு வெளியே வதைபட்ட யூதருக்காகவும் கம்யூனிஸ்டுகளுக்காகவும் அன்று அவர் வாய்திறக்கவில்லை. 1937 ஜூலை 1 அன்று கைதாகி, சாக்சன்ஹவுசன், டாக்காவ் முகாம்களில் 1945 வரை அடைபட்டிருந்தார். 1939-இல் போர் மூண்டதும் முகாமிலிருந்தே கடற்படைப் பணிக்கு விண்ணப்பித்தார் என்பது, அவரைப் போற்றுவோர் பலர் பேச விரும்பாத செய்தி.

விடுதலைக்குப்பின் மனைவி எல்சேயுடன் டாக்காவுக்குச் சென்றார். சடலங்களை எரித்த சூளையருகே, 1933 முதல் 1945 வரை அங்கே எரிக்கப்பட்டோரின் தொகையைக் கூறும் பலகை இருந்தது. தொகையைவிட ஆண்டுகளே அவரை உலுக்கின. 1937-க்குப் பிறகு நடந்தவற்றுக்கு, "நானே சிறையில் இருந்தேன்" என்று அவர் விடைகூறலாம். அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளுக்கு? அக்காலத்தில் அவர் சுதந்தரமாக டாலெம் பிரசங்க பீடத்தில் நின்றிருந்தார். இதை அவர் மறைக்கவில்லை. சபைசபையாகச் சென்று சொன்னார்.

1945 அக்டோபரில் ஸ்டுட்கார்ட்டில் ஜெர்மானியத் திருச்சபைத் தலைவர்கள் வெளியிட்ட குற்ற அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டார். இடிபாடுகளுக்கிடையே பசித்திருந்த சொந்த மக்களுள் பலர் அதற்காகச் சினந்தனர். 1954-இல் அணு அறிவியலாளர் ஓட்டோ ஹானுடன் உரையாடியபின், முன்னாள் தளபதி போரையே முற்றிலும் மறுத்தார். நம் நாட்டில், 1961-இல் புதுடெல்லியில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றம் அவரைத் தன் தலைவர்களுள் ஒருவராகத் தெரிந்துகொண்டது.

1984 மார்ச் 6 அன்று, தம் 92-ஆம் வயதில் மரித்தார்.