தொலைத்தொடர்புக் கருவிச் சான்றளிப்பு (இந்தியா)

கைபேசி, மோடம், வைஃபை ரூட்டர் முதலிய கருவிகள் விற்பனைக்கு வருமுன், அவை நாட்டின் பாதுகாப்பு, கதிர்வீச்சுத் தரங்களுக்கு உட்பட்டவையா, வலையமைப்போடு ஒத்துப்போகின்றனவா என்று சோதித்து உறுதிசெய்யும் முறையே தொலைத்தொடர்புக் கருவிச் சான்றளிப்பு ஆகும். இந்தியாவில் இதற்கு முன்னோடியான 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், கருவியின் தரத்தைவிட அதை வைத்திருப்பவர் யார் என்பதிலேயே கண்ணாக இருந்தது. வானொலிப் பெட்டி வைத்திருக்கவே உரிமம் வேண்டும் என்பதால், மல்லாங்கிணறு, திருச்சுழி போன்ற கரிசல் ஊர்க்காரர்களும் அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 1980களின் நடுவில்தான் அத்தொல்லை ஒழிந்தது.

தொலைபேசியைப் பொறுத்தவரை, 1948இல் பெங்களூரில் நிறுவப்பட்ட அரசின் தொலைபேசித் தயாரிப்பு நிறுவனமான ஐ.டி.ஐ.யின் ஆலையில் செய்த கருவியை அரசுத் துறையே சந்தாதாரர் வீட்டில் பொருத்தியதால், சந்தைச் சான்றிதழுக்குத் தேவை எழவில்லை. தாராளமயத்துக்குப் பின் தனியார் கருவிகள் பெருகவே நிலைமை மாறியது. மக்கள் ‘சைனா செட்’ என்றழைத்த மலிவுக் கைபேசிகள் பலவற்றில், ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே உரிய 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் இல்லாததால், 2009 டிசம்பர் முதல் அத்தகையவற்றின் இணைப்பைத் துண்டிக்க அரசு ஆணையிட்டது. 2012 செப்டம்பர் முதல், உடல் திசு உறிஞ்சும் கதிர்வீச்சின் அளவான ‘சார்’, ஒரு கிராம் திசுவில் சராசரியாகக் கணக்கிடுகையில் கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டலாகாது என்று வரம்பு இறுகியது. மல்லாங்கிணறு கடைத்தெருவில் வாங்கிய கைபேசியானாலும், பெரும்பாலானவற்றில் *#07# என்று அழுத்தினால் அந்தச் ‘சார்’ அளவு திரையில் தெரியும்.

மின்னணுப் பொருள்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவை 2012ஆம் ஆண்டின் ஆணை கொண்டுவந்தது. கைபேசி மின்கலத்தில் காணப்படும் ஐ.எஸ். 16046 என்ற குறி இதன் வழிவந்ததே. 2017 செப்டம்பரில் தந்தி விதிகள் திருத்தப்பட்டு, தொலைத்தொடர்புப் பொறியியல் மையத்தின் கட்டாயச் சான்றளிப்பு 2019 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. இணையக் காலத்துக்கென வகுத்த இம்முறை, வழக்கொழிந்துகொண்டிருந்த தொலைநகல் பொறி போன்றவற்றிலிருந்து தொடங்கியது வேடிக்கையே. ஒரே கருவிக்கு இரு அலுவலகங்களில் சோதனையா என்று தயாரிப்பாளர்கள் முறையிட்டதும், பின்னர் கைபேசிகளுக்கு இம்முறையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டதும் எதிர்பார்க்கக்கூடியவையே.

2021 ஜூன் முதல், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் வலையமைப்புக்கான கருவிகளை, நம்பத்தக்கவை என அரசு ஏற்ற மூலங்களிடமிருந்தே வாங்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்கும் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்துக்கும் மாற்றாக இயற்றப்பட்டு, 2024 ஜூன் முதல் படிப்படியாக அமலாகிவரும் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், கருவியின் அடையாள எண்ணைத் திருத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க வகைசெய்கிறது.