மஞ்சட் சட்டையும் குறை ஏடும்: பிரெஞ்சு நாட்டு எரிபொருள் தீர்வை எதிர்ப்பு (2018 – 2019)

குடிமக்கள் வரியை எப்பொழுது எதிர்க்கின்றனர் என வினவின், வரி மிகுந்தபொழுது எதிர்க்கின்றனர் என்பது எளிதிற் கிடைக்கும் விடையாகும். வரலாறு அவ்விடையை முழுதும் ஏற்பதில்லை. உயர்ந்த வரியைப் பல்லாண்டு பொறுத்திருந்த மக்கள், பின்னர் ஏறிய சில காசுகளைப் பொறாது தெருவிற்கு வந்தமையைப் பல நாட்டு வரலாறுகளிற் காண்கின்றோம். பிரெஞ்சு நாட்டில் 2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் எழுந்த எரிபொருள் தீர்வை எதிர்ப்பு இவ்வகையினது. மஞ்சட் சட்டையர் எழுச்சி என்று அது வழங்கப்பெறும். அஃது எதனால் மூண்டது என்பதைச் சுருக்கமாகவும், எக்கருவிகளைக் கொண்டு தன் குறையைப் பேசிற்று என்பதைச் சற்று விரிவாகவும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அக்கருவிகளுட் சிறந்தன, அரசே முன்னர் மக்கள் கையிற் கொடுத்து வைத்தவை என்பது நம் கருத்து.

வரியைக் குறிக்க இறை, ஆயம், சுங்கம் எனத் தமிழிற் பல சொற்கள் உள. பண்டத்தின் விலையோடு சேர்த்து வாங்கப்படுவதைத் தீர்வை என்றல் பிற்கால வழக்காதலின் அச்சொல்லையே ஈண்டு ஆள்கின்றோம். பிரெஞ்சு நாட்டிற் பெட்ரோலியப் பொருள்களின் மீது உள்நாட்டுத் தீர்வை 1928இல் தோன்றியது. 2018இல் ஒரு லிட்டர் டீசலுக்கு இத்தீர்வை மட்டும் ஏறத்தாழ 59 செந்தீம். செந்தீம் என்பது யூரோவில் நூற்றில் ஒரு பங்கு. இத்தீர்வையையும் விலையோடு கூட்டி, அக்கூட்டுத்தொகையின் மேல் நூற்றுக்கு இருபது வீதம் மதிப்புக் கூட்டு வரியும் வாங்கினர். எனவே, வரிக்கும் வரி கட்டுகின்றோம் என்று மக்கள் கூறிய குறை வெற்றுரையன்று, கணக்கின்படி உண்மையே. வண்டியோட்டி கொடுக்கும் விலையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு அரசைச் சென்று சேர்ந்தது.

இதனோடு 2014 முதற் கரிவளித் தீர்வை என ஒன்று இணைந்தது. புவி வெப்பமாதலைத் தடுத்தற்பொருட்டு, வண்டிகள் உமிழும் கரியமிலவளியின் அளவிற்கேற்ப வாங்கப்பட்டது இது. டன் ஒன்றுக்கு 7 யூரோவாகத் தொடங்கி, 2017இல் 30.5, 2018இல் 44.6 என ஏறியது. 2019இல் 55, 2022இல் 86.2 என மேலும் ஏறுதற்கு முன்கூட்டியே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. 2018ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் டீசல் லிட்டருக்கு 7.6 செந்தீமும் பெட்ரோல் 3.9 செந்தீமும் தீர்வையால் உயர்ந்தன. அடுத்த சனவரியில் முறையே 6.5, 2.9 செந்தீம் உயர இருந்தன. உலகச் சந்தையிற் கச்சா எண்ணெயின் விலையும் அவ்வாண்டிலேயே ஏறிற்று.

இவ்வெண்கள் சிறியன. ஆயினும், எவர் தலையில் இவை விழுந்தன என்பதை நோக்குதல் வேண்டும். பிரெஞ்சு அரசு பல பத்தாண்டுகளாக டீசலுக்குப் பெட்ரோலினும் குறைந்த தீர்வை விதித்து வந்தது. மக்களும் டீசல் வண்டிகளையே வாங்கினர். 2018இல் அந்நாட்டு மகிழுந்துகளிற் பாதிக்கு மேற்பட்டவை டீசலால் ஓடியவை. வாங்கச் செய்த அரசே பின்னர் அதனைக் குற்றமாக்கித் தீர்வையை ஏற்றியது. பாரிசு நகரத்தார்க்குச் சுரங்க இருப்பூர்தி உண்டு. பெருநகர்க்கு வெளியே வாடகை குறைந்த சிற்றூர்களிற் குடியேறி, நாற்பது ஐம்பது கிலோமீட்டர் சென்று பணிபுரிவார்க்கு வண்டியன்றி வேறு வழியில்லை. அவர்கள் செல்லும் சாலைகளில் மணிக்கு 90 கிலோமீட்டராக இருந்த விரைவின் எல்லை, 2018 சூலை முதல் நாளில் 80 ஆகக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே பெருஞ்செல்வர் மீதான செல்வ வரி நீக்கப்பட்டு, நிலம், கட்டடம் ஆகியவற்றிற்கு மட்டும் உரிய வரியாகச் சுருங்கியது. வானூர்தியின் எரிபொருளுக்கோ தீர்வையே இல்லை. இவை தனித்தனியே நிகழ்ந்தவை. ஆயினும் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் ஒரு குடும்பத்தின் கண்ணில் இவை ஒரே கணக்கின் வரவும் செலவுமாகத் தோன்றின.

எழுச்சியினரைச் சூழல் காப்பிற்குப் பகைவர் என்று அந்நாளிற் பலர் எழுதினர். அதனை நாம் உடன்படோம். கரிவளித் தீர்வையை 2009இலேயே அரசு கொணர முயன்றது. அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் அவ்வாண்டு டிசம்பர் 29ஆம் நாள் அச்சட்டப் பகுதியைத் தள்ளிவிட்டது. தொழிற்சாலைகள் வெளியிடும் கரிவளியில், வண்டி எரிபொருளை நீக்கி எண்ணின், நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கிற்குத் தீர்வை விலக்கு இருந்ததும், அதனாற் பொதுச்சுமையில் எல்லாரும் ஒப்பர் என்னும் நெறி பிறழ்ந்ததும் மன்றம் காட்டிய காரணங்கள். பொதுவரியை அவரவர் ஆற்றலுக்கேற்பப் பகிர்தல் வேண்டும் என 1789ஆம் ஆண்டு மனித உரிமை அறிக்கையின் பதின்மூன்றாம் பிரிவு கூறுகிறது. 2018இற் சாலைச் சந்தியில் நின்றோர் கூறியதும் அதுவே. நீதிபதிகள் கூறியபொழுது அறிவுரையெனப்பட்டது, இவர்கள் கூறியபொழுது அறியாமையெனப்பட்டது.

இனி, எதிர்த்த முறைகளைக் காண்போம். முதலில் எழுந்தது ஒரு விண்ணப்பம். பிரிசிலியா லூதோசுக்கி என்னும் பெண்மணி 2018 மே மாதம் எரிபொருள் விலைக் குறைப்பை வேண்டி அதனை இணையத்தில் வெளியிட்டார். சில திங்கள் கையெழுத்து மெல்லவே சேர்ந்தது. அக்டோபருக்குப் பின் பெருகி, ஆண்டு முடிவிற்குள் பத்து இலட்சத்தைக் கடந்தது. நவம்பர் 17ஆம் நாள் சாலைகளை மறிக்க அழைப்பு எழுந்தபொழுது, உடன்படுவோர் தம் மஞ்சட் சட்டையை வண்டியின் முன் கண்ணாடிக்கருகே வைக்குமாறு நார்பொன் நகரத்து வண்டி பழுதுபார்ப்பவர் ஒருவர் கேட்டுக்கொண்டார். அச்சட்டை எங்கிருந்து வந்தது? 2008 அக்டோபர் முதல், சாலையில் வண்டி பழுதாகி நின்றால் அணிதற்பொருட்டு ஒளிரும் மேற்சட்டை ஒன்றை ஒவ்வொரு வண்டியிலும் வைத்திருத்தல் வேண்டும் என அரசு ஆணை இட்டிருந்தது. இல்லையேல் தண்டம் உண்டு. இவ்வாறு வண்டியுடையார் அனைவரிடமும் ஒரே நிறச் சீருடை, அவர்தம் செலவிலேயே, பத்தாண்டுக்கு முன்னரே வந்து சேர்ந்திருந்தது. வழியில் இடருற்று நிற்பவன் பிறர் கண்ணிற் பட வேண்டும் என்பதே அச்சட்டையின் நோக்கம். எழுச்சியினர் அந்நோக்கத்தைச் சிறிதும் மாற்றினாரல்லர்.

உடையாற் பெயர் பெறுதல் அந்நாட்டு எழுச்சிகளுக்குப் புதிதன்று. புரட்சிக் காலத்துப் பாரிசு எளியோர், மேன்மக்கள் அணியும் முழங்காற் கால்சட்டை இல்லாதவர் என்னும் பொருளில் ‘சான் கூலோத்’ எனப்பட்டனர். ‘மஞ்சட் சட்டை வந்தது’ என்று பிரெஞ்சுக்காரர் கூறுவது, நம் இலக்கணத்தார் ‘பொற்றொடி வந்தாள்’ என அன்மொழித்தொகைக்குக் காட்டும் எடுத்துக்காட்டினை ஒத்தது. (மேற்சட்டையைக் குறிக்கும் ‘ழிலே’ என்னும் பிரெஞ்சுச் சொல் துருக்கிய மூலத்தது என்பர்.)

இவ்வுடைப் பெயர்களுட் பழையது சிவப்புக் குல்லாய். பதினான்காம் லூயி மன்னன் ஆலந்தோடு நிகழ்த்திய போரின் செலவிற்காக முத்திரைத் தாள், புகையிலை, ஈயக்கலம் ஆகியவற்றின் மேற் புதிய தீர்வைகளை விதித்தான். பிரிட்டனி என்னும் மேலைக் கடற்கரை நாடு 1532இற் பிரெஞ்சு முடியோடு இணைந்தபொழுது, அந்நாட்டு அவையின் இசைவின்றி வரி விதிப்பதில்லை என வாக்களிக்கப்பட்டிருந்தது. அவ்வாக்குப் பிறழ்ந்ததென 1675இல் நகரங்களிற் கலகம் எழுந்தது. கோடையில் உழவர் நாட்டிற் பரவிற்று. உப்பு வரியும் வரப்போகிறதென்னும் வதந்தி அதனை மூட்டியது. ‘கபேல்’ எனப்பட்ட அவ்வரி, பிரெஞ்சு நாட்டின் பல பகுதிகளில், எட்டு வயதிற்கு மேற்பட்டார் ஒவ்வொருவரும் ஆண்டிற்கு ஏறத்தாழ ஏழு ராத்தல் உப்பினை அரசு பண்டசாலையில் வாங்கியே தீர வேண்டும் என்னும் கட்டாயத்தோடு கூடியது. பிரிட்டனிக்கு அதனின்று விலக்கு இருந்தது. இன்றியமையாப் பண்டத்தின் மேல் வரி விழுங்கால் செல்வனும் ஏழையும் ஏறத்தாழ ஒரே அளவு செலுத்த நேர்கிறது. 1930இல் வேதாரணியத்தில் உப்பெடுத்தவரை அறிந்த நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டா.

சிவப்புக் குல்லாய் அணிந்த உழவர் தம் வேண்டுகோள்களை எழுத்திலும் வடித்தனர். பதினான்கு ஊர்ப்பங்குகள் கூடி இயற்றியதாகக் கூறும் ‘உழவர் சட்டம்’ படிகளாகக் கிடைத்துள்ளது. அரசின் விடை படையாக வந்தது. சிலர் தூக்கிலிடப்பட்டனர், சிலர் துடுப்பு வலிக்கும் தண்டனைக் கப்பல்களுக்கு அனுப்பப்பட்டனர். கலகத்திற்கு மணியடித்து ஆள் கூட்டிய கோயில்களின் மணிக்கூண்டுகளும் இடிக்கப்பட்டன; தலையற்ற அக்கோபுரங்களுட் சில இன்றும் நிற்கின்றன. பிரிட்டனியின் நீதிமன்றம் ரென் நகரினின்று வான் நகருக்கு மாற்றப்பட்டு 1690 வரை அங்கேயே இருந்தது. 338 ஆண்டுகட்குப் பின்னர், 2013இல், சுமையுந்துகளின் மீது சூழல் தீர்வை வாங்கச் சாலைகளின் குறுக்கே இரும்பு வளைவுகளை அரசு நாட்டியபொழுது, பிரிட்டனியர் அதே சிவப்புக் குல்லாயை அணிந்து அவற்றைச் சாய்த்தனர். அத்தீர்வை 2013 அக்டோபரில் நிறுத்தப்பட்டு, மறு ஆண்டிற் கைவிடப்பட்டது. குல்லாய் மக்கள் தாமே நினைவினின்று எடுத்தது. மஞ்சட் சட்டை சட்டத்தினின்று எடுத்தது. முன்னது ஒரு நாட்டார்க்கே உரியதாய் நின்றது. பின்னது எவர்க்கும் பொருந்தியது.

நவம்பர் 17ஆம் நாள் ஏறத்தாழ 2,87,000 பேர் இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட இடங்களிற் கூடினர் என்பது அரசு கணக்கு. அவ்விடங்களுட் பல, நம் நாட்டில் ‘ரவுண்டானா’ எனப்படும் வட்டச் சந்திகள். 1980களில் முந்துரிமை விதி மாறிய பின் அந்நாட்டில் இவை மிகப் பெருகின, முப்பதாயிரத்திற்குக் குறையா. ஊர்ச் சதுக்கமும் தொழிற்சங்கக் கூடமும் அற்ற புறநகர் மக்களுக்கு அனைவரும் நாடோறும் கடக்கும் இடம் இதுவொன்றே. அங்கே குடிசை கட்டினர். தீமூட்டிக் குளிர் காய்ந்தனர். பல ஆண்டுகள் அண்டை வீட்டினராய் வாழ்ந்தும் பேசாதவர் பேசினர். வண்டிகளை முற்றிலும் தடுக்காது மெல்லச் செல்லவிட்டுச் சட்டையைக் காட்டுவோரை முன்னே விடுவதும் வழக்காயிற்று.

இம்முறைக்கும் விலை இருந்தது. மறியல் தொடங்கிய நாளிலேயே ஒரு பெண்மணி வண்டி மோதி இறந்தார். அப்பருவத்திற் பத்துப்பேர்க்கு மேல் மாண்டனர், பெரும்பாலோர் சாலை நேர்ச்சிகளில். பாரிசு நகரிற் டிசம்பர் முதல் நாள் வெற்றி வளைவின் உள்ளே புகுந்து சிலைகளை உடைத்தனர். காவலர் எறிந்த குண்டுகளால் இருபதிற்கு மேற்பட்டோர் ஒரு கண்ணை இழந்தனர். டிசம்பர் 4ஆம் நாள் தலைமை அமைச்சர் எதுவார் பிலிப் தீர்வை உயர்வை ஆறு திங்களுக்கு நிறுத்தி வைத்தார். மறுநாளே 2019ஆம் ஆண்டு உயர்வு முற்றும் கைவிடப்பட்டது. 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் மக்ரோன், குறைந்த ஊதியத்தார்க்குத் திங்கட்கு நூறு யூரோ கூடுதலாகக் கிடைக்கும் என்றார். செல்வ வரி மீளவில்லை. கரிவளித் தீர்வை 44.6 யூரோவிலேயே நின்றுவிட்டது. சூழலுக்கென ஒரு வரியைப் பகிரும் முறை எதுவென்னும் வினா விடையின்றியே மூடப்பட்டது. இதனை இரு திறத்தார்க்கும் தோல்வி என்றே நாம் மதிக்கின்றோம்.

எனினும், வன்முறையே வெற்றி தந்தது என்று எழுதிச் செல்வோர் மூன்றாவது கருவியை மறந்துவிடுகின்றனர். அதுவே குறை ஏடு. 1789இல் நாட்டுப் பேரவையைக் கூட்டிய பதினாறாம் லூயி, ஊர்தோறும் மக்கள் தம் குறைகளை எழுதி அனுப்பப் பணித்தான். ஏறத்தாழ அறுபதாயிரம் ஏடுகள் எழுந்தன. அவற்றுள் உப்பு வரியைப் பழிக்காத ஊரைக் காண்டல் அரிது. ‘தொலேயான்சு’ என அவர்கள் வழங்கும் சொல் நோதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரினின்று பிறந்தது. குறை என்பதனினும் நோவு என்பதே அதற்கு நேரிய தமிழ். 2018 டிசம்பர்த் திங்களில் சிற்றூர்த் தலைவர்கள் சிலர் தம் அலுவலகங்களைத் திறந்து வெற்றேடுகளை மேசைமேல் வைத்தனர். 2019 சனவரியில் அரசு தொடங்கிய பெரு விவாதத்தின்பொழுது இவ்வழக்கம் பரவி, ஏறத்தாழ பதினாறாயிரம் ஊர்களில் ஏடுகள் திறக்கப்பட்டன. சந்திக்கு வந்து நின்றறியாத முதியோரும் பெண்டிரும் வந்து எழுதினர். எரிபொருளிற் தொடங்கிய எழுத்து, ஓய்வூதியம், செல்வ வரி, மூடப்பட்ட மருத்துவமனை என விரிந்தது. சந்தியில் நிகழ்ந்தவற்றைச் செய்தியாளரும் காவலரும் எழுதினர். இவ்வேடுகளையோ மக்கள் தம் கையாலேயே எழுதினர். 1675ஆம் ஆண்டுக் கலகத்தை நாம் பெரிதும் அதனை ஒடுக்கியோர் கடிதங்கள் வாயிலாகவே அறிய நேர்ந்திருப்பதை எண்ணின், இவ்வேறுபாட்டின் பெருமை விளங்கும்.

1789ஆம் ஆண்டின் ஏடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து அச்சேறின. 2019ஆம் ஆண்டினவோ படமெடுக்கப்பட்டும் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படவில்லை; மூல ஏடுகள் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் வைக்கப்பட்டன. அவற்றை வெளியிடுமாறு கோரும் தீர்மானத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றக் கீழவை 2025 மார்ச்சுத் திங்களில் நிறைவேற்றியது. இடைப்பட்ட ஆறாண்டுகளில், தம் ஊரார் எழுதியதைக் காண விழைந்த சிற்றூரார் ஒருவர், மாவட்டத் தலைநகர் வரை தம் வண்டியிலேயே சென்று வர வேண்டியிருந்தது.